உத்தேச வயது

இரண்டாம் பக்கம், ஏழாம் கேள்வி:
இலங்கைப் பிரசையாக இல்லாமற்போன திகதி.

திகதி தெரியும்.
ஓகஸ்ட் பத்து, இரண்டாயிரத்து ஆறு, வியாழன்.
நியூவார்க்கில் நீதிமன்றத்து மூன்றாம் மாடி.
நூற்றுப் பன்னிரண்டு பேர் வலக்கையை உயர்த்தி
அவர் வாசிக்க வாசிக்கத் திருப்பிச் சொன்னோம்.
முற்றாகத் துறக்கிறேன் என்ற இடத்தில்
எனக்கு இருமல் வந்தது.
வேண்டுமென்றே அல்ல
என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.
அந்த மாதம் மூதூருக்குத் தொலைபேசி போகவில்லை.
கையில் சின்னக் கொடி ஒன்று தந்தார்கள்.
வேலைக்குப் போகிற வழியில்
அதன் தடியால் கோப்பி கலக்கினேன்.

மரிவிக் என்னோடு இரவுக் கடமை பார்த்தவள்,
இலோயிலோக்காரி. அவளும் துறந்தவள்தான்.
ஒரு காலை தங்கள் தூதரகத்துக்குப் போய்
மறுபடி கையை உயர்த்தினாளாம்.
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம்
திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.
அடகு மீட்ட மாதிரி, என்றேன்.
அடகு அவளுக்கு விளங்கியது.
வட்டி இன்னும் நன்றாக விளங்கியது.

என்னுடையது திருகோணமலைக் கச்சேரியில்
பச்சை நாடா கட்டிய கோப்பொன்றில்
கிடக்கிறதென்று நம்பி வந்தேன்.

ஐம்பத்தைந்து தாண்டியவர் விண்ணப்பிக்கலாம்.
தாண்டிவிட்டேன், முழங்கால் சாட்சி.
முழங்காலை அத்தாட்சிப்படுத்தச்
சமாதான நீதவானுக்கு அதிகாரமில்லை.

நிலந்தி, மேசைக்காரி,
கந்தளாயிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள்,
மூன்று பதிவேடு புரட்டினாள்.
மூதூர்ப் பிரிவு, எழுபதாம் ஆண்டு:
கறையான் போட்ட ஓட்டை.
ஓட்டைக்குள்ளால் அடுத்த வருடத்துப் பிள்ளைகள்
தெரிந்தார்கள்.
"அக்கா, உங்கட பக்கம் இல்லை."
தமிழை அளந்து அளந்து பேசுகிறாள்.
நான் ஆங்கிலத்தை அப்படித்தான் பேசத் தொடங்கினேன்.

"அப்ப நான் பிறக்கேல்லையோ?"
"பிறந்தது சரி.
தேடினது, கிடைக்கேல்லை எண்டு கடிதம் தருவம்.
அதை வைச்சு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுங்க."

வெளியே வந்து வேம்பின் கீழ் நின்று
வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.
உத்தேச வயது.
அங்கே எல்லாம் துல்லியம்:
எடை, இரத்த அழுத்தம்,
நிமிடத்துக்கு இத்தனை துளி மருந்து.
இருபது வருடம் வார்டில் என்னைக்
கதிர் கதிர் என்று கூப்பிட்டார்கள்,
அப்பாவின் பெயரை, அதிலும் பாதியை.
ஒருவரும் அதை உத்தேசம் என்று சொல்லவில்லை.

டொக்யார்ட் வீதி, ஷிஃபானாவின் கடை.
எல்லாவற்றிலும் மூன்று பிரதி.
அமெரிக்கச் சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்த்தவள்
நிமிர்ந்தாள்.
"மிஸ், பிரதி எடுத்தால் தண்டனை எண்டு
இதில அடிச்சிருக்கு."
"அது அங்க," என்றேன்.
பொத்தானை அமத்தினாள்.
பச்சை வெளிச்சம் இடமிருந்து வலம்
என்மேல் ஊர்ந்து போனது.

பஸ் நிலைய வாங்கில் தாள்களை அடுக்குகையில்
ஊர்மான் ஒன்று வந்தது.
கொம்பில் யாரோ கட்டிய பொலித்தீன் கயிறு.
என் மடியிலிருந்து ஒரு தாளை உருவி
விளிம்பிலிருந்து, ஆறுதலாக,
தின்னத் தொடங்கியது.
இங்கே யாரும் மானைத் துரத்துவதில்லை.
ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.
"ஒரிஜினலோ?"
"கொப்பி."
"அப்ப பரவாயில்லை. கடுதாசியைக் கண்டால் அது விடாது."
என் படம் இருந்த மூலையைக்
கடைசியாகத்தான் தின்றது.

நாலாவது பிரதிக்கு இருபது ரூபாய்.

பதினாறாம் கேள்வி:
மீளப்பெற விரும்புவதற்கான காரணம்.
கீழே மூன்று கோடு.
"எல்லாரும் காணி எண்டுதான் எழுதுறது," என்கிறாள் நிலந்தி,
தன் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி.
எனக்குக் காணியில்லை.
யோசித்துவிட்டு,
முப்பது நாள் விசா செவ்வாய்க்கிழமை முடிகிறது
என்று எழுதினேன்.
ஒரு கோடு மிச்சம் இருந்தது.
வெட்டட்டோ என்று கேட்டேன்.
"இருக்கட்டும்," என்றாள், கை கழுவ எழும்பி.